பில் கவுண்டர் இரண்டு டவுன்

காந்தி ரோட்டில் ஜினகுமாரின் பட்டுக்கடை மூன்று மாடி. மூன்று மாடிக்கும் மூளை ஒன்றுதான். அது மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்து பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பில் போடும் கம்ப்யூட்டர்கள், கார்டு தேய்க்கும் மெஷின், கேமராக்கள், வாலாஜாபாத் கிளைக்குப் போகும் லைன், வெளிநாட்டுக் கல்யாண வீடுகளுக்கு வீடியோவில் புடவை காட்டும் டேப்லெட் என்று எதன் வயரைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் அந்தப் பெட்டியின் துளை ஒன்றில் போய் முடியும். எந்தச் சேதி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி சொல்லி அனுப்புவது அதன் வேலை. ரவுட்டிங் ஸ்விட்ச் என்று விலைச்சீட்டில் போட்டிருந்தது. கடையில் எல்லோரும் அதை ஏஞ்சல் பொட்டி என்றார்கள்.

ஏஞ்சல் ஓரிக்கைப் பெண். நெட்வொர்க் படித்துவிட்டுச் சென்னையில் இரண்டு கம்பெனி பார்த்து, ஹாஸ்டல் சாம்பாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவள். கடையில் அந்தப் பெட்டியின் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுடைய வாய்த்துடுக்கை முதலாளி பொறுத்துக்கொண்டார்.

பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தனக்கு எங்கேயாவது வலித்தால் தானே சொல்லிவிடும். கெட்ட குணமும் அதுதான். எதையும் மனதோடு வைத்துக்கொள்ளத் தெரியாது. அது சொல்லும் சேதிகளுக்கு எட்டுப் படி. முதல் படி என்றால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். எட்டாவது படி என்றால் லேசாகத் தும்மினேன் என்று அர்த்தம். இதை ஏஞ்சல் பெட்டி வந்த அன்றே ஜினகுமாருக்கு விளக்கிச் சொன்னாள்.

"மொத நாலு படி போதும் சார். மீதியெல்லாம் சும்மா பொலம்பல்."

"எட்டு இருக்குதுன்னு நீயே சொல்றியேம்மா."

"இருக்குது சார். ஆனா தேவயில்ல."

"முந்தி இல்லாம பொடவ குடுத்தா நீ வாங்குவியா? எட்டும் வரட்டும். என் போனுக்கும் வரட்டும், அம்மா போனுக்கும் வரட்டும். கட ரெண்டு பேர் பேர்லயும்தான இருக்குது."

அம்மா என்றால் அவருடைய மனைவி கனகமாலா. முகூர்த்தப் புடவை வியாபாரம் முழுக்க அவர் கையில்தான். பேச்சு குறைவு, பார்வை அதிகம். போனில் வந்து விழுந்த சேதிகளைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு முறைதான் ஏஞ்சலிடம் பேசினார். "டவுன்னா விழுந்திடுச்சு, அப்னா எழுந்திடுச்சு. அவ்ளோதானம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அம்மா என்றாள் ஏஞ்சல். அவர் தலையாட்டிவிட்டுப் புடவை மடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அவர் போனுக்குச் சேதிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஜினகுமார் அப்படி இல்லை. முதல் வாரம் மனிதர் தூங்கவே இல்லை. பெட்டி தும்மும்போதெல்லாம் ஏஞ்சலுக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் பைக்குள் போன் உறுமியது. நெய்பர் டவுன் என்று வருகிறதே, பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன ஆச்சு என்று முதலாளி கவலைப்பட்டார். போய் நலம் விசாரித்துவிட்டும் வந்திருந்தார். பெட்டி நெய்பர் என்று சொல்வது வாலாஜாபாத் கிளையில் இருக்கும் இன்னொரு பெட்டியை என்று புரியவைப்பதற்குள் பிரசங்கம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆறாவது போர்ட், ஏழாவது போர்ட் என்றால் எனக்கு என்ன தெரியும், நம்பருக்குப் பதில் பெயர் போட முடியாதா என்று. ஏஞ்சலும் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற ஆசையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெயர் கொடுத்தாள். பில் ஒன்று, பில் இரண்டு, பிளவுஸ் செக்ஷன், குடோன், முதலாளி ரூம். பெயர் வைத்த அன்றே அவளுக்குத் தன் கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் சேதி இப்போது இப்படி வந்தது: பிளவுஸ் செக்ஷன் டவுன். பிளவுஸ் செக்ஷன் அப். நடுவில் இருந்த நேரம் அந்த செக்ஷனில் உட்காரும் நதியா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாடியில் நின்று போன் பேசிய நேரம். பேசியது யாரோடு என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. சீட்டை விட்டு எழுந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேறு யாராவது கை வைத்து பில்லைக் குழப்பிவிடுவார்களாம். ஜினகுமாரே போட்ட சட்டம். ஆகவே, அணைத்தால் டவுன், போட்டால் அப். சட்டத்தை மதிக்காத ஆட்கள் ஸ்க்ரீனை அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போய் நிம்மதியாக இருந்தார்கள். மதித்து நடந்தவர்கள்தான் மாட்டினார்கள். எல்லாரிலும் அதிகமாக மதித்தவள் பில் கவுண்டர் இரண்டில் உட்காரும் மங்கையர்க்கரசி.

மங்கையர்க்கரசிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. வேலை கேட்டு வந்தபோது, கைக்குழந்தை இருக்குதா என்று ஜினகுமார் கேட்டதற்கு, மாகறலில் அம்மா வீட்டில் வளருது சார் என்று சொல்லிவிட்டாள். பொய். வேலை வேண்டும் என்றால் வாய் அப்படித்தான் வரும். குழந்தை அவளோடுதான் இருந்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் புருஷன் சந்தோஷ்குமார் தன் ஆட்டோவில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் பின்சந்தில் வந்து நிற்பான். பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டு அவன் வெளியே நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே இவள் பால் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். அவ்வளவுதான் விஷயம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

"பில் ரெண்டு தெனம் ஒரே நேரத்துல விழுதே, அது இன்னாம்மா?" என்று ஜினகுமார் ஏஞ்சலைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வயர் லூசு சார்."

"சாயங்காலம் மட்டும் லூசாவுமா?"

"வெயில் எறங்குச்சுன்னா சுருங்கிக்கும் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பட்டு நூலும் காற்றில் ஈரம் ஏறினால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி என்று தெரிந்த மனிதர். வயருக்கும் அப்படி ஒரு சுபாவம் இருக்கலாம் என்று நம்பிவிட்டார். புது வயர் போடச் சொன்னார். ஏஞ்சல் மேஜைக்கு அடியில் படுத்து, நன்றாக இருந்த வயரைக் கழற்றிவிட்டு நன்றாக இருக்கும் இன்னொரு வயரைப் போட்டாள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பில் இரண்டு மறுபடி விழுந்தது.

இந்த முறை அவர் நம்பவில்லை. "இன்னொரு வாட்டி விழட்டும். வயர மாத்த மாட்டேன், ஆள மாத்துவேன்," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னதை அவர் செய்யாமல் விட்டதில்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

மங்கையர்க்கரசி அன்று பில்லில் ஜரிகைப் புடவைக்குப் பருத்தி விலை போட்டாள். "கம்ப்யூட்டர அணைக்காம போக்கா," என்றாள் ஏஞ்சல். "எப்டிம்மா போறது. அணைச்சிட்டுத்தான் போவணும்னு சார் சொல்லியிருக்காருல்ல," என்றாள் அவள். வேலையே போகப் போகிறது, இவள் சட்டம் பேசுகிறாள் என்று ஏஞ்சலுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவள்மேல் நிற்காமல் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. தான் வைத்த பெயர்தானே இவளைக் காட்டிக்கொடுத்தது என்று நினைக்க நினைக்க நெஞ்சு குறுகுறுத்தது.

அலமாரியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டியின் பாஷையில் ஒரே ஒரு வரி. பில் இரண்டு விழுந்தால் விழட்டும், எழுந்தால் எழட்டும், நீ வாயைத் திறக்காதே. பெட்டி கேட்டுக்கொண்டது. மறுநாள் மங்கையர்க்கரசி போனாள், வந்தாள். ஜினகுமாரின் போன் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மங்கையர்க்கரசிக்குச் சந்தோஷத்தை ஒளிக்கத் தெரியாது. நதியாவிடம் சொன்னாள். அடுத்த நாள் காலையில் ஏஞ்சலின் மேஜை மேல் மந்தாரை இலையில் சுற்றிய கோயில் இட்லி இருந்தது. பிளவுஸ் செக்ஷனின் வாயும் அடைபட்டது. பிறகு குடோன் ஆள் முறுக்கோடு வந்தார். மதியம் மூட்டைகளுக்கு நடுவே கண்ணயர்கிற பழக்கம் அவருக்கு. பில் ஒன்றுக்காரி புளியோதரை கொண்டு வந்தாள். வாலாஜாபாத் கிளைக்காரர்கள்கூட பஸ்ஸில் கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் ஏஞ்சலுக்கு எடை கூடியது, பெட்டி ஊமையானது.

ஜினகுமாருக்கு ஏகப்பட்ட பெருமை. "பாத்தியாம்மா. நான் ஒருத்தன் கவனிக்கறேன்னு தெரிஞ்சதும் ஒண்ணும் விழறதில்ல," என்றார்.

"ஆமா சார். பயம்தான் சார்," என்றாள் ஏஞ்சல், வாய்க்குள் கொய்யாப்பழத்தோடு.

ஒரே ஒரு துளை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதை அடைக்கச் சொல்லி யாரும் பலகாரம் கொண்டு வரவில்லை. முதலாளி ரூம் கேமரா. அதுவும் தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் விழுந்து, சற்று நேரத்தில் எழுந்தது.

அந்தக் கேமராவை வைக்கச் சொன்னது கனகமாலா. எல்லார் தலைக்கு மேலேயும் வைத்துவிட்டு உங்கள் தலைக்கு மேல் மட்டும் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார். மற்ற கேமராக்கள் கூரையில் இருந்தன. இது மட்டும் கண்ணாடி ஷெல்பில், கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதன் வயர் சுவரில் இருந்த இரண்டு துளையில் ஒன்றில் செருகியிருந்தது. மற்றது காலி.

வயர் இங்கேயாவது நிஜமாகவே லூசாக இருக்குமோ என்று ஏஞ்சல் ஒரு சாயங்காலம் பார்க்கப் போனாள். கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் இருந்து வந்தது வெங்காய பஜ்ஜி வாசனை. சூடான, இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த வாசனை. ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஏன் சிரித்தாள் என்பதற்கு முதலாளியின் வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சின்னப் பூச்சிகூடத் தங்களால் சாகக் கூடாது என்பது அவர்கள் சமண வழி. சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வெங்காயம் அந்த வீட்டு வாசற்படி ஏறியதே கிடையாது. கனகமாலா அதில் இம்மியும் பிசகமாட்டார். ஜினகுமாரும் ஊரில் யாராவது கேட்டால் தானும் பிசகுவதில்லை என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு, கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு, மூங்கில் மண்டபத்துப் பக்கத்து பஜ்ஜிக் கடையிலிருந்து பொட்டலம் வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாங்கி வருகிறவர் கதிர்வேல். கடையின் ஃப்ளோர் மேனேஜர். தறியை விட்டு இறங்கிச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியும் அவர் கை மட்டும் தறியிலேயே இருந்தது. எங்கேயாவது ஒரு நூல் முனை தொங்கினால் அவரால் தாங்க முடியாது. வாடிக்கையாளர் கட்டிக்கொண்டு வந்த புடவையாக இருந்தாலும் குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். இதனால் இரண்டு முறை அடி வாங்க இருந்தார்.

முதலாளியின் பஜ்ஜி விஷயத்தை ஏஞ்சல் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தக் கேமராவின் பதினொன்றாம் துளையை மட்டும் அடைக்காமல் விட்டாள்.

ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த நேரம். அன்று சாயங்காலம் பினாங்கிலிருந்து ஒரு கல்யாண வீடு வீடியோவில் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அத்தைகள், மணப்பெண் என்று திரை கொள்ளாத கூட்டம். கனகமாலா கீழ்த்தளத்தில் பாயை விரித்துப் புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று என்று இரண்டுக்கு வந்து நின்றிருந்தது பேச்சு. "எங்களுக்கு என்னவோ இந்த..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளையின் அம்மா திறந்த வாயோடு அப்படியே உறைந்துவிட்டார்.

பில் ஒன்று நின்றது. கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து செல்போனில் கூப்பிட்டு, அங்கே எல்லாம் போய்விட்டது என்றார்கள். கல்லா மேல் வைத்திருந்த கனகமாலாவின் போன் ஓயாமல் உறுமி உறுமித் தானாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது.

ஏஞ்சல் அலமாரிக்கு ஓடினாள். பெட்டியின் விளக்குகள் எப்போதும் ஆளுக்கொரு தாளத்தில் சிமிட்டும். இப்போது அத்தனையும் ஒன்றாக, வெறி பிடித்தாற்போல் அடித்துக்கொண்டிருந்தன. லேப்டாப்பில் சேதி கொட்டியது. இந்த ஆள் பதினொன்றாம் வாசலில் நிற்கிறான். இல்லை, பன்னிரண்டில் நிற்கிறான். இல்லை, பதினொன்றில். ஒரே ஆள் ஒரே நொடியில் இரண்டு வாசலில் நிற்கிறான் என்று பெட்டி கதறியது. அப்படி என்றால் ஒன்றுதான் அர்த்தம். ஒரு துளையில் புறப்பட்ட வயர் பக்கத்துத் துளையிலேயே திரும்பி வந்து நுழைந்திருக்கிறது. உள்ளே போகும் சேதி வெளியே போக வழி இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்தக் கடையையும் அடைத்துவிட்டது.

பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் முதலாளி ரூம்.

அப்படி யாராவது செய்துவிட்டால் தடுப்பதற்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. அது ஏன் தடுக்கவில்லை என்று தேடினாள். கிடைத்தது. வரிசையாக வாய்களை அடைத்துக்கொண்டு போன உற்சாகத்தில், புளியோதரை தின்ற கையோடு, அந்தக் காவலையும் சேர்த்து அவளே அணைத்திருந்தாள்.

அதற்குள் ஜினகுமார் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா ஆச்சு? எவன் கைய வச்சான்?" என்றவர் கவுண்டர் பக்கம் பார்த்தார். பில் இரண்டு இருட்டாக இருந்தது. நாற்காலி காலி. "அந்தப் பொண்ணு எங்க? பில் ரெண்டு விழுந்திருக்குது. எனக்கு ஏன் மெசேஜ் வரல?"

நதியா ஒரு ரவிக்கைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஏஞ்சலு, உன்னத்தான் கேக்கறேன். ஏன் வரல?"

"நான்தான் சார் அடைச்சேன்."

"எத்தினி அடைச்ச?"

"ஒண்ணத் தவிர எல்லாம் சார்."

"எந்த ஒண்ணு?"

"உங்க ரூமு சார். அத அடைக்கச் சொல்லி யாரும் கேக்கல."

பின்னால் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். ஜினகுமாரின் காது சிவந்தது. "சரி. நாளைக்கு நீயும் வர வேணாம், அந்தப் பொண்ணும் வர வேணாம்," என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஏஞ்சல் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. தனக்குச் சென்னை இருக்கிறது, ஹாஸ்டல் சாம்பார் இருக்கிறது. மங்கையர்க்கரசிக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மொதல்ல லைன் வரட்டும்ங்க. அப்புறம் யாரு போறதுன்னு பாக்கலாம்." கனகமாலா பாயிலிருந்து எழுந்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். "கோளாறு எங்கம்மா?"

"பதினொண்ணும் பன்னெண்டும்மா."

"அப்டின்னா?"

ஏஞ்சல் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. அவளுக்கு இருந்த பயத்திலும் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பினாங்குக்கார அம்மா திறந்த வாயோடு காத்துக்கொண்டிருந்தார்.

"சார் ரூம்லம்மா," என்றாள்.

"நீ இரு கனகா, நான் போய்ப் பாத்துக்கறேன்," என்று ஜினகுமார் படியில் குறுக்கே நின்றார். கனகமாலா அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போனார். ஏஞ்சலும் ஜினகுமாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

ரூமில் கதிர்வேல் சுவரோரம் நின்றிருந்தார். மேஜை மேல் அவசரமாகக் கவிழ்த்த ஒரு கல்யாணப் பத்திரிகை, அதன் நான்கு பக்கமும் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. கேமரா வயர் இல்லாமல் அனாதையாக உட்கார்ந்திருந்தது. அதன் வயரோ சுவரில் ஒரு துளையில் புறப்பட்டு, அழகாக வளைந்து, பக்கத்துத் துளையில் போய் உட்கார்ந்திருந்தது.

"யாருண்ணா இத சொருவனது?" என்றாள் ஏஞ்சல்.

"நான்தாம்மா," என்றார் கதிர்வேல். "மொன தொங்கிக்கினு இருந்துச்சு. அறுந்த இழ மாரி கண்ண உறுத்திக்கினே இருந்துச்சு. பக்கத்துலயே காலி துள இருக்குதேன்னு சேத்துட்டேன். தப்பா?"

ஏஞ்சல் வயரைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "...சிவப்புதாங்க பிடிச்சிருக்கு," என்று மாப்பிள்ளையின் அம்மா தான் விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

லைன் வந்துவிட்டது. இனி யார் போவது என்ற பேச்சுதான் மிச்சம். ரூம் முழுக்க வெங்காய வாசனை நின்றது. கனகமாலா மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்புவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று ஜினகுமார் அவசரப்பட்டார்.

"கனகா, அந்தப் பில் ரெண்டு பொண்ணு தெனம் இந்த நேரத்துக்கு சீட்ட விட்டு எழுந்து போறா. இவ அத மறச்சு வச்சிருக்கா. ரெண்டு பேரையும் அனுப்பிடணும். இன்னிக்கே."

"அந்தப் பொண்ண வரச் சொல்லு," என்றார் கனகமாலா ஏஞ்சலிடம்.

மங்கையர்க்கரசி வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. புடவைத் தோளில் பால் கக்கிய ஈரம். அதைப் பார்த்த பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவளே சொன்னாள். "கொழந்த மாகறல்ல இல்லம்மா. எங்கிட்டதான் இருக்குது. வேல கெடைக்காதுன்னு பொய் சொல்லிட்டேன். பின்னால ஆட்டோல வச்சிதான் பால் குடுக்கறேன். பாதில வந்துட்டேன், அழுதுக்கினு இருக்குது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கேட்டியா? பொய்," என்றார் ஜினகுமார்.

கனகமாலா இடுப்பிலிருந்து போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். ஏஞ்சல் அடைப்பதற்கு முந்தைய நாட்களுக்குப் போய் நின்றார்.

"எனக்கும்தாங்க வந்துக்கினு இருந்துச்சு," என்றார், குரலை உயர்த்தாமல். "வெளக்கு வைக்கிற நேரத்துல தெனம் ரெண்டு விழும். ஒண்ணு பில் ரெண்டு. ஒண்ணு உங்க ரூமு. கொஞ்ச நேரத்துல ரெண்டும் எழுந்துக்கும். நடுவுல பில் ரெண்டு நின்னு போச்சு. உங்க ரூமு மட்டும் நேத்து வரைக்கும் விழுந்துக்கினுதான் இருந்துச்சு."

ஜினகுமார் மேஜையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பில் ரெண்டுல கைக்கொழந்தைக்குப் பசி. இப்ப தெரிஞ்சுபோச்சு," என்றார் கனகமாலா. பிறகு புருஷனை நேராகப் பார்த்தார். "இந்த ரூம்ல எந்தக் கொழந்தைக்குங்க பசி?"

கதிர்வேல் மின்விசிறியைப் பார்த்தார். ஏஞ்சல் தரையைப் பார்த்தாள், சிரித்துவிட்டால் வேலை நிச்சயம் போய்விடும் என்பதால். ஜினகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏப்பம்தான் வந்தது.

"இதே நேரத்துல டவுன் ஆவறவங்கள அனுப்பணும்னா அவளையும் உங்களையும் சேத்துதான் அனுப்பணும். என்ன சொல்றீங்க?"

அவர் கை பின்னால் போய்ப் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடியது.

"அப்ப யாரும் போவ வேணாம்." கனகமாலா மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பினார். "ஆட்டோல, சந்துல வச்சி எதுக்கும்மா குடுக்கற. கொழந்தைய இங்க எடுத்துக்கினு வா. நாளைலேர்ந்து வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இந்த ரூமு உன்னுது. உள்ள தாப்பா போட்டுக்கோ. கேமராவ எப்டிக் கழட்டறதுன்னு சார் சொல்லித் தருவாரு. அவருக்கு நல்லாப் பழக்கம்."

ஏஞ்சலிடம் அவர் சொன்னது ஒரே வரி. அணைத்த காவலை இன்றைக்கே போட வேண்டும், இனி முதல் நாலு படி மட்டும் வந்தால் போதும். ஏஞ்சல் சரிம்மா, சரிம்மா என்று இரண்டு முறை சொன்னாள். பினாங்குக்காரர்கள் அரக்குச் சிவப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மங்கையர்க்கரசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போனாள். முதலாளி ரூமின் கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டது. ஜினகுமார் வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் கதிர்வேல் பொட்டலத்தோடு படியேறி வந்து, முதலாளி இருக்கும் இடத்தைப் பார்த்து, அப்படியே திரும்பினார். பட்டுப்புடவை பார்க்க வந்த ஒரு குடும்பம் வராந்தாவில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனது.

"மெதுவா பேசுங்கம்மா," என்றார் ஜினகுமார், காலி வயிற்றைத் தடவிக்கொண்டு. "உள்ள சாப்டுக்கினு இருக்காங்க."